உயிரோடு இருப்பவர்களின் பக்கம்

செப்டம்பர் 8, திங்கள்

காலையில் ஓஸ்தாப் பேசினான். பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். வாயில் நுரையோடு ஓடி வந்து போனை எடுத்தேன். "நாளைக்குப் பங்கருக்குப் போறோம். அங்க டவர் கெடையாது. பண்டிகை வரைக்கும் எங்கிட்டருந்து ஒண்ணும் வராது. பயந்துக்கிட்டுக் கெடக்காத" என்றான். பின்னால் யாரோ அவனை அவசரப்படுத்தினார்கள். நான் நுரையைத் துப்பிவிட்டுப் பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டான். பல் டாக்டரின் புருஷனுக்கு இப்படி ஒரு வழியனுப்பு.

டவர் இருக்கிற நாட்களில் தினமும் காலையில் ஒரு கூட்டல் குறி அனுப்புவான். அவ்வளவுதான் செய்தி. உயிரோடு இருக்கிறேன் என்று அர்த்தம். இங்கே பட்டாளத்துக்கு ஆள் போன எல்லா வீட்டிலும் இதுதான் வழக்கம். கல்யாணத்துக்கு முன்னால் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளிய மனுஷன். இப்போது அந்த ஒற்றைக் குறி வராத நாள் எனக்கு டீ இறங்காது.

பண்டிகை என்று அவன் சொன்னது அக்டோபர் ஒன்றாம் தேதியை. நாட்டைக் காக்கும் வீரர்களுக்கான தேசிய நாள். அன்றைக்கே மாதா திருநாளும் வரும். மாதா தன் முக்காட்டை விரித்து ஊரை மூடிக் காப்பாற்றுவாள் என்று இவர்கள் நம்புகிறார்கள். முன்பெல்லாம் பதினாலாம் தேதி கொண்டாடுவார்கள். சர்ச் காலண்டரை மாற்றியதும் பண்டிகையும் கூடவே முன்னால் நகர்ந்துவிட்டது. போர் நடப்பதால் லீவு மட்டும் கிடையாது.

இதைத் தமிழில் எழுதுவதற்கு ஒரே காரணம், இந்தச் சின்ன ஊரில் மட்டுமல்ல, பக்கத்துப் பெரிய நகரமான தெர்னோபில் வரைக்கும் தேடினாலும் இதைப் படிக்க ஆள் இல்லை என்பதுதான். இவர்கள் பேசுவது உக்ரைன் மொழி. என் கைக்கு வரும்போது அது கோவில்பட்டிப் பேச்சாகிவிடுகிறது. எனக்கு வேறு தமிழ் பேச வராது. செண்பகவல்லி என்ற என் பெயரை இவர்கள் 'ஷென்யா' ஆக்கிக்கொண்டார்கள். அதற்கு இது பதிலுக்குப் பதில்.

சாயங்காலம் மாமியாரோடு தோட்டத்தில் உருளைக்கிழங்கு தோண்டினேன். அவர் பெயர் ஸ்தெஃபானியா. 'மாமோ' என்று கூப்பிடுவேன், இவர்கள் மொழியில் அம்மா என்று அர்த்தம். ஓஸ்தாப் பேசினான் என்றதும் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார். "சாப்ட்டானாமா?" என்று கேட்டார். "சாப்ட்டானாம்" என்றேன். அதைக் கேட்க எங்கே நேரம் இருந்தது?

செப்டம்பர் 10, புதன்

உருளைக்கிழங்கு முடிந்தது. இடுப்பு என்னுடையதாக இல்லை.

செப்டம்பர் 13, சனி

சந்தைக்குப் போனேன். போனது சொலோமியாவைப் பார்க்கத்தான். பூக்கடை வைத்திருக்கிறாள். அவள் புருஷன் இஹோரும் ஓஸ்தாப்பும் ஒரே படைப்பிரிவு. இஹோர் வண்டி ஓட்டுகிறவன், அதனால் அவ்வப்போது டவர் உள்ள இடத்துக்கு வந்து போவான். அவன் சொல்கிற சேதி அவள் வழியாக எனக்கு வரும்.

"உங்காளு நல்லாருக்காராம். பங்கருக்குள்ள வயர் இழுத்து லைட்டுப் போட்டுட்டாராம். எல்லாரும் அவரத் தூக்கி வச்சுக் கொண்டாடுறாங்களாம்" என்று சிரித்தாள்.

கொண்டாடத்தான் செய்வார்கள். ஊரிலும் அப்படித்தான் இருந்தான். மின்வாரியத்தில் வேலை. பனியில் கம்பி அறுந்தால் ராத்திரி பகல் பார்க்காமல் கம்பத்தில் ஏறுவான். நான் தெர்னோபிலில் படித்தபோது என் ஹாஸ்டல் ஹீட்டரைச் சரி பண்ண வந்தவன்தான். ஹீட்டர் சரியாகவே இல்லை, மறுபடி மறுபடி வந்தான். வேண்டுமென்றேதான் சரி பண்ணவில்லை என்று கல்யாணத்துக்கு அப்புறம் ஒத்துக்கொண்டான்.

வரும் வழியில் நகராட்சி அலுவலகத்தில் ஓஸ்தாப்பின் போட்டோவைக் கொடுத்தேன். பண்டிகைக்குச் சதுக்கத்தில் இரண்டு பெரிய பலகைகள் நிறுத்துவார்கள். இடது பக்கப் பலகையில் இறந்தவர்களின் படங்கள், ஓரத்தில் கறுப்பு ரிப்பன். வலது பக்கப் பலகையில் இப்போது களத்தில் இருப்பவர்களின் படங்கள், ஓரத்தில் நீலமும் மஞ்சளும். படம் சேகரிப்பவர் பானி லேசியா. இங்கே மரியாதைக்குரிய பெண்களைப் 'பானி' என்றும் ஆண்களைப் 'பான்' என்றும் சொல்ல வேண்டும். போட்டோவை வாங்கிப் பார்த்துவிட்டு, "சிரிச்ச மொகமா இருக்காரு, பெருசாப் போட்டுருவோம்" என்றார்.

பலகை செய்கிறவன் தச்சன் வசில். அவன் கதையை எழுத வேண்டும். போன வருஷம் அவனும் களத்தில் இருந்தான். அவன் விழுந்ததைக் கூட இருந்தவர்கள் பார்த்து ஊருக்குப் போன் போட்டார்கள். அரசாங்கக் காகிதம் எதுவும் வரவில்லை. ஆனாலும் ஊரே அவன் வீட்டுக்குப் போய் அழுதது. அவன் படத்தை இடது பலகையில் ஏற்றினார்கள். அவனுடைய அம்மா அந்தத் துக்கத்திலேயே போய்ச் சேர்ந்தாள். அப்புறம் கைதிகள் பரிமாற்றத்தில் அவன் எலும்பும் தோலுமாக இறங்கி வந்தான். தன் படத்தைத் தானே கழற்றினான். அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஊர் முழுக்கக் கூடி ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டது. காகிதம் கையில் வராமல் யாரும் யாரைப் பற்றியும் வாய் திறந்து அந்தச் சொல்லைச் சொல்லக் கூடாது.

நல்ல கட்டுப்பாடு. நானும் கை தூக்கினேன்.

செப்டம்பர் 17, புதன்

பகலில் இரண்டு முறை சைரன். இரண்டாவது முறை ஒரு பாட்டிக்குக் கடைவாய்ப் பல் பாதி வெளியே வந்திருந்தது. பாதாள அறைக்கு இறங்க மாட்டேன் என்று சைகையிலேயே சொல்லிவிட்டாள். பிடுங்கி முடித்துவிட்டுத்தான் இரண்டு பேரும் இறங்கினோம்.

கோவில்பட்டியிலிருந்து அம்மா பேசினாள்.

"மாப்ள பேசினாராட்டி?"

"நேத்துக்கூடப் பேசினாரும்மா."

"என்ன சொன்னாரு?"

"குளிருதுன்னாரு."

"ஸ்வெட்டர் போடச் சொல்லு. நீயாவது கெளம்பி வந்துரேன் வல்லி. ஒங்க மாமியாரையும் கூட்டிட்டு வா. இங்க என்ன எடமா இல்ல?"

நேற்றுப் பேசினார் என்றது பொய்யில்லை. டவர் இருந்திருந்தால் நேற்று கண்டிப்பாகப் பேசியிருப்பான்.

செப்டம்பர் 19, வெள்ளி

சொலோமியா கடை பூட்டியிருந்தது. போன் அடித்தேன், எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன், பாதியில் கட் பண்ணினாள். போன வாரம் அவள் கொடுத்த ஜாம் பாட்டிலைத் திருப்பிக் கொடுக்கவில்லை என்று கோபமோ என்னவோ. அப்படிப்பட்டவள்தான். பாட்டிலைக் கழுவிப் பைக்குள் போட்டு வைத்திருக்கிறேன்.

செப்டம்பர் 20, சனி

இன்று ஒரு அதிசயம். பான் மெத்தோதி கிளினிக்குக்கு வந்தார். ரிட்டயர்டு பஸ் டிரைவர். ஏழு வருஷமாக என்னிடம்தான் பல் பார்க்கிறார், ஏழு வருஷமாக என்னைத் திட்டுகிறார். ஊசி வலிக்கிறது, நாற்காலி சாய்கிறது, இந்தியாவில் இப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்களா என்பார். நான் படித்தது தெர்னோபிலில் என்று ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டும். இன்று வாயைத் திறந்து வைத்துக்கொண்டு கண்ணை மூடிக் கிடந்தார். டிரில் நரம்பில் பட்டது, எனக்கே தெரிந்தது. முனகக்கூட இல்லை. முடிந்ததும் என் கையைப் பிடித்து, இவர்கள் பெரிய இடத்துப் பெண்களுக்குச் செய்வதுபோல முத்தம் கொடுத்தார்.

"ஒனக்கு வெறகு பொளந்து தர ஆளு இருக்கா தாயி?" என்று கேட்டார்.

"ஓஸ்தாப் வந்து பொளப்பாரு. லீவு கேட்டுருக்காரு" என்றேன்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டு கோட்டை எடுத்தார். கோட்டின் கைக்குள் கையை விடத் தெரியாமல் கொஞ்ச நேரம் தடவினார். வயசாகிவிட்டது.

ரொட்டிக் கடையிலும் இதே கூத்து. வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர்கள் ஒருவர் பின் ஒருவராக விலகி வழி விட்டார்கள். வந்த புதிதில் இதே கடையில் என்னைக் கடைசிக்குத் தள்ளுவார்கள். ஊருக்குத் திடீரென்று என் மேல் என்ன பாசமோ. இது எனக்குப் பிடிக்கவில்லை. பழையபடி யாராவது இடித்துத் தள்ளினால் தேவலை என்றிருந்தது.

செப்டம்பர் 22, திங்கள்

சொலோமியா கடை திறந்திருந்தது. ஜாம் பாட்டிலை நீட்டினேன். வாங்கி அப்படியே வாளிக்குள் போட்டாள், பூ வைக்கிற வாளிக்குள். கண் இரண்டும் வீங்கியிருந்தது. "தும்மலு. இந்தச் செவந்திப்பூ வந்தாலே எனக்கு ஒத்துக்காது" என்றாள்.

"இஹோர் பேசினாரா?"

"பேசினாரு."

"என்ன சொன்னாரு?"

"மழையாம். ஒரே சகதியாம்." வேறு பக்கம் திரும்பிப் பூவைப் பொறுக்கினாள். "இந்தா, மாமோகிட்டக் குடு."

ஒரு கட்டு வெள்ளைச் செவந்தி. காசு வேண்டாம் என்றுவிட்டாள். வீட்டுக்கு வந்து பாட்டிலில் வைக்கும்போது எண்ணினேன். பத்து இருந்தது. இந்த ஊரில் உயிரோடு இருக்கிறவர்களுக்கு ஒற்றைப்படையில்தான் பூக் கொடுப்பார்கள். இரட்டைப்படை சாவு வீட்டுக்கு. காது குத்தின காலத்திலிருந்து பூ விற்கிறவளுக்கு இதுகூடவா தெரியாது? தும்மலில் எண்ணிக்கை தவறியிருக்கும். ஒன்றை உருவிப் பக்கத்து வீட்டு வாசலில் வைத்துவிட்டு வந்தேன். மாமோ அதற்கு முன்பே பார்த்துவிட்டாரா என்று தெரியவில்லை. அடுப்பைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

செப்டம்பர் 24, புதன்

முட்டைக்கோஸ் நறுக்கி உப்புப் போட்டு ஊற வைத்தோம். குளிர்காலம் முழுக்க இதுதான் எங்களுக்கு ஊறுகாய். நான் ஒரு ஜாடியில் மட்டும் மிளகாய்த்தூளைக் கொட்டிக்கொள்வேன். இந்த முறை மாமோ ஜாடிகளைக் கொஞ்சமாகத்தான் எடுத்து வைத்தார். "போதும். ரெண்டு பேருக்கு எதுக்கு இம்புட்டு" என்றார்.

"ரெண்டு பேரா? வந்தா ஒங்க மகன் ஒருத்தனே ஒரு ஜாடியக் காலி பண்ணுவாரே."

"ஆமா" என்றார். போய் இன்னும் இரண்டு ஜாடி கழுவிக்கொண்டு வந்தார்.

முன்னதாக நான் கிளினிக்கிலிருந்து வந்தபோது தொட்டியில் இரண்டு டீக் கோப்பைகள் கிடந்தன. யார் வந்தது என்று கேட்டேன். யாரும் வரவில்லை என்றார். வீட்டுக்குள் பூக்கடை வாசம் அடித்தது. நான் மேற்கொண்டு கேட்கவில்லை. மாமியாரும் மருமகளும் ஒருவரையொருவர் குடைந்துகொள்ளாமல் இருப்பதால்தான் இந்த வீடு ஓடுகிறது.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் ஓஸ்தாப்பின் பூவேலைச் சட்டையை எடுத்து இஸ்திரி போட்டார். எங்கள் கல்யாணத்துக்கு அவர் கையாலேயே தைத்தது. கழுத்துப் பட்டியை மட்டும் திரும்பத் திரும்பத் தேய்த்தார். பண்டிகைக்கு லீவில் வந்துவிடுவான் என்று நினைக்கிறார் போல. அப்படித்தான் இருக்க வேண்டும்.

செப்டம்பர் 26, வெள்ளி

மூன்று பேருக்கு நன்றாக வலிக்க வைத்தேன். ஒருவர்கூடத் திட்டவில்லை.

செப்டம்பர் 27, சனி

சதுக்கத்தில் பலகைகள் நிறுத்திவிட்டார்கள். வேலை முடிந்து நேரே அங்கே போனேன். இடது பக்கத்தை வேகமாகத் தாண்டினேன். அந்தப் பக்கம் என் கிளினிக்கில் வாய் திறந்து உட்கார்ந்தவர்கள் பலர் இருக்கிறார்கள். முகத்தைப் பார்த்தால் எந்தப் பல்லை அடைத்தேன் என்பது ஞாபகம் வரும்.

வலது பலகையில் வரிசையாக எல்லோரும் இருந்தார்கள். இஹோர் இருந்தான். ஓஸ்தாப் இல்லை. இஹோருக்குப் பக்கத்தில் ஒரு படம் அளவுக்கு வெறும் மரம் இருந்தது. ஆணி அடித்திருந்தது, படம்தான் இல்லை. மறுபடி முதலிலிருந்து பார்த்தேன். அப்புறம் என் கால் தானாக இடது பலகைக்குப் போனது. அங்கேயும் முழுக்கத் தேடினேன். எதற்காக அங்கே போய்த் தேடினேன் என்று இப்போது என் மேலேயே கோபமாக வருகிறது. அங்கேயும் இல்லை. கடவுளே என்று மூச்சு விட்டேன்.

நகராட்சி பூட்டியிருந்தது. சதுக்கத்தில் இருந்தவர்கள் என்னைப் பார்ப்பதும் தரையைப் பார்ப்பதுமாக இருந்தார்கள். ஒருத்தி தன் பிள்ளையை இழுத்துக்கொண்டு வேகமாகப் போனாள்.

செப்டம்பர் 28, ஞாயிறு

சர்ச்சிலிருந்து வந்ததும் மாமோவிடம் சொன்னேன். நாளைக்குப் போய் பானி லேசியாவை நாலு வார்த்தை கேட்கப் போகிறேன் என்றேன்.

"விட்ரு தாயி."

"எப்பிடி விட? எல்லாரு படமும் இருக்கு. கரண்டு போனா மட்டும் ஓஸ்தாப் வேணும், படத்துக்கு ஓஸ்தாப் வேண்டாமா?"

"ஒரு படந்தான. இல்லாட்டி என்ன?"

"ஒங்க மகன் படம் மாமோ!"

"எம் மகந்தான்" என்றார். "எம் மகந்தான், எனக்குத் தெரியாதா." முக்காட்டின் நுனியை வாயில் கவ்விக்கொண்டு வெளியே போனார். கோழிகளுக்குத் தீனி போடுகிற சத்தம் கேட்டது. காலையிலேயே போட்டாயிற்று.

எனக்குப் பயமாக இருக்கிறது. எழுதிவிட்டேன். போதும்.

செப்டம்பர் 29, திங்கள்

முதல் ஆளாக நகராட்சிக்குப் போய் நின்றேன். பானி லேசியா என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். ஏதோ அதிகாரி வந்ததுபோல.

"படம் எங்க?"

"பிரிண்டர்ல மை தீந்து போச்சு பானி டாக்டர்."

"அவருக்கு மட்டும் தீந்துச்சா?"

"கடைசியாத்தான் அவரு படம்…"

"கடைசியில்ல. ரெண்டு வாரத்துக்கு முன்னாலயே குடுத்தேன். பெருசாப் போடுவோம்னீங்க."

அவர் மேஜை டிராயரை இழுத்தார். மூடினார். நான் சுற்றிப் போய் அதை இழுத்துத் திறந்தேன். பெரிய மனுஷி செய்கிற வேலையில்லைதான். உள்ளே ஓஸ்தாப் இருந்தான். பெரிதாக, சிரித்தபடி, நேர்த்தியாக அச்சடித்து. ஓரத்தில் ரிப்பன் இல்லை. கறுப்பும் இல்லை, நீலம் மஞ்சளும் இல்லை.

"இது எந்தப் பக்கம் போகணும்னு ஒங்களுக்குத் தெரியலையா?" என்று கேட்டேன்.

அவர் வாயைக் கையால் பொத்திக்கொண்டார்.

"காகிதம் வந்துச்சா? எங்கிட்ட வரல. ஒங்ககிட்ட வந்துச்சா?"

இல்லை என்று தலையை ஆட்டினார்.

"அப்ப வலது பக்கம். நீலமும் மஞ்சளும் ஒட்டுங்க. நான் இங்கயே நிக்கேன்."

அவர் கத்தரியை எடுத்து ரிப்பனைக் கோணலாக வெட்டினார். நான் வாங்கி நேராக வெட்டிக் கொடுத்தேன். எனக்குக் கை நடுங்காது, தொழில் அப்படி. ஒட்டும்போது அவர் அழுதார். ஒட்டி முடித்துவிட்டு, "மன்னிச்சிருங்க" என்றார். மை தீர்ந்ததற்கு இவ்வளவு அழ வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மாமோவிடம் ஜெயித்துவிட்டேன் என்று சொன்னேன். அவர் முக்காலியில் உட்கார்ந்து என் இரண்டு கைகளையும் எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, இரண்டு பேரும் எழவில்லை.

செப்டம்பர் 30, செவ்வாய்

வசில் படத்தை மாட்டினான். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். வேண்டாம் என்றான், கேட்கவில்லை. சிறையில் அவன் முட்டியை உடைத்துவிட்டார்கள். ஒரு கால் மடங்காது, நீட்டியபடியே ஏறி இறங்குகிறான். பல்லும் அங்கேதான் போயிற்று. அவனுக்குக் கீழ்வரிசை முழுக்கக் கட்டிக் கொடுத்தது நான்.

அவன் இறங்கியதும் கேட்டேன். "வசில், நீங்க போயிட்டீங்கன்னுதான எல்லாரும் சொன்னாங்க?"

"ஆமா பானி டாக்டர்."

"ஆனா வந்தீங்க."

"வந்தேன்."

"அப்ப யாரு வேணாலும் வரலாம்ல?"

அவன் சுத்தியலைப் பைக்குள் போட்டான். அப்புறம் வெளியே எடுத்தான். மறுபடி போட்டான். "நான் விழுந்தத அவங்க தூரத்துல இருந்துதான் பாத்தாங்க" என்றான்.

தூரத்தில் இருந்து என்று எதற்காகச் சொன்னான் என்று நான் கேட்கவில்லை. அவன் ஏணியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். படம் நேராக இருக்கிறதா என்று நாலு பக்கம் நின்று பார்த்தேன். நேராகத்தான் இருந்தது.

நாளையோடு ஓஸ்தாப் சொன்ன கெடு முடிகிறது. பங்கரிலிருந்து வெளியே வந்ததும் கூட்டல் குறி வரும். போனைச் சார்ஜில் போட்டிருக்கிறேன்.

அக்டோபர் 1, புதன்

காலையில் போனில் எதுவும் இல்லை. இன்னும் வெளியே வந்திருக்க மாட்டான்.

அரக்குப் பட்டுப்புடவை கட்டினேன். பண்டிகைக்கு எல்லோரும் பூவேலைச் சட்டை போடுவார்கள், நான் புடவை கட்டுவேன், அது ஊருக்குப் பழகிவிட்டது. மேலே கோட்டுப் போட்டேன். மாமோ முதலில் கறுப்பு முக்காட்டை எடுத்தார். நான் பார்க்கிறேன் என்று தெரிந்ததும் அதை வைத்துவிட்டு ரோஜாப்பூப் போட்டதை எடுத்துக் கட்டினார். வழி நெடுக என் கையை விடவே இல்லை.

சதுக்கம் நிறைந்திருந்தது. ஆனாலும் நாங்கள் போகப் போக வழி விலகியது. ஒன்பது மணிக்கு ஒலிபெருக்கியில் டக், டக் என்று நொடி எண்ணும் சத்தம் ஆரம்பித்தது. இந்த நாடு முழுக்கத் தினமும் ஒன்பது மணிக்கு இறந்தவர்களுக்காக ஒரு நிமிடம் அசையாமல் நிற்கும். பண்டிகை அன்று நிற்பதோடு போகாது. இறந்த வீரனுக்கு முன்னால் இங்கே மண்டியிடுவார்கள். பிணவண்டி ஊருக்குள் வரும்போதுகூட ரோட்டின் இரண்டு பக்கமும் சகதியென்று பார்க்காமல் மண்டியிடுவார்கள். உயிரோடு இருப்பவனுக்கு முன்னால் யாரும் அப்படிச் செய்ய மாட்டார்கள், அது அபசகுனம்.

இடது பலகைக்கு முன்னால் ஊரே மண்டியிட்டது. நானும் புடவையை இழுத்துக்கொண்டு மண்டியிட்டேன். பெயர்களைப் படித்தார்கள். வசில் மட்டும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றான். அவன் கால் மடங்காது என்பது எல்லோருக்கும் தெரியும்.

பிறகு எழுந்து வலது பக்கம் போனோம். இதுதான் சந்தோஷமான பாதி. அவரவர் வீட்டு ஆள் படத்துக்குக் கீழே குடும்பத்தார் போய் நின்றுகொள்வார்கள். ஊர் வரிசையாக வந்து ஒவ்வொரு படத்துக்கும் கை தட்டிப் பூக் கொடுக்கும். நான் ஓஸ்தாப்புக்கு முன்னால் நின்றேன். படம் சரியாக என் முக உயரத்தில் இருந்தது. பக்கத்தில் மாமோ. அந்தப் பக்கம் இஹோரின் படத்துக்கு முன்னால் சொலோமியா. நான் பார்த்துச் சிரித்தேன். அவள் கையில் இருந்த பூவைப் பார்த்தபடி நின்றாள்.

கைதட்டல் ஒவ்வொரு படமாக நெருங்கி வந்தது. இஹோருக்குத் தட்டினார்கள். அடுத்தது நாங்கள். முன்னால் வந்தவன் வசில். கை தட்டத் தூக்கினான். தட்டவில்லை. தூக்கிய கை அப்படியே நின்றது. ஓஸ்தாப்பைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பிறகு பலகையின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கினான். நல்ல காலை முதலில் ஊன்றினான். மடங்காத காலைக் கையால் பிடித்து மடக்கினான். முட்டியில் எலும்பு நொறுங்குகிற சத்தம் எனக்குக் கேட்டது.

பின்னால் பான் மெத்தோதி கைத்தடியை ஊன்றி இறங்கினார். பானி லேசியா. ரொட்டிக் கடைக்காரி. பள்ளிக்கூடப் பிள்ளைகள் பெரியவர்களைத் திரும்பிப் பார்த்துவிட்டுத் தாங்களும் இறங்கினார்கள். சொலோமியா பூவைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு விழுந்தாள். சதுக்கத்தின் கடைசி வரைக்கும் தலைகள் தாழ்ந்துகொண்டே போயின. யாரும் ஒரு சொல் சொல்லவில்லை. சர்ச்சில் சொன்னபடி நடந்துகொண்டார்கள்.

"எந்திரிங்க" என்றேன். கேட்காததுபோல் இருந்தார்கள். "எந்திரிங்க! இது உயிரோட இருக்கவங்க பக்கம்! எந்திரிங்க எல்லாரும்!" தொண்டை கிழியக் கத்தினேன். தமிழில் கத்தியிருக்கிறேன் என்று அப்புறம்தான் தெரிந்தது. மொழி தெரியாவிட்டால் என்ன, நான் என்ன சொன்னேன் என்று அங்கே புரியாதவர்கள் யாரும் இல்லை. ஆனாலும் ஒருவர்கூட எழவில்லை.

மாமோவைப் பார்த்தேன். அவராவது நிற்கிறாரே என்று நினைத்தேன். என் கையை முத்தமிட்டார். பிறகு அந்தக் கையை மெதுவாக விட்டுவிட்டு மகனுக்கு முன்னால் மண்டியிட்டார்.

எவ்வளவு நேரம் நான் மட்டும் நின்றேன் என்று தெரியாது. என்னைத் தவிர எல்லோரும் முடிவு செய்துவிட்ட ஒன்றை நான் ஒருத்தி எவ்வளவு நேரம் நின்று தடுக்க முடியும்? கல்தரை சில்லென்றிருந்தது. அதுவரைக்கும் அவன் முகம் என் முகத்துக்கு நேராக இருந்தது. மண்டியிட்ட பிறகு அண்ணாந்துதான் பார்க்க வேண்டியிருந்தது.